அம்மா வந்த பிறகு கழற்றுவோம்

அந்தப் பிள்ளை என் நாற்காலியில் முதன்முதலாக உட்கார்ந்த அன்று வாந்தி எடுத்தாள்.

பல்லுக்குக் கம்பி போடுவதற்கு முன்னால் பல்வரிசையின் அச்சை எடுத்தாக வேண்டும். இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மாவு. அதைத் தண்ணீரில் குழைத்துத் தட்டில் நிரப்பி, வாய்க்குள் வைத்து அழுத்தி, இறுகும்வரை அசையாமல் பிடித்திருப்போம். பிறகு அந்த அச்சுக்குள் பிளாஸ்டர் வார்த்தால் பல்வரிசை வெள்ளைக் கல்லாக நம் கையில் இருக்கும். படித்த காலத்திலிருந்து நான் செய்துவந்த வேலை அது. மேல் தட்டை வைத்ததுமே அவளுடைய கண்கள் செருகின. நான் தட்டை இழுப்பதற்குள் என் அங்கியும் அவளுடைய வெள்ளைச் சீருடையும் நாசமாகிவிட்டன.

வாசலில் நின்ற தகப்பன் ஓடி வந்தார். ஆரையம்பதியில் வாவி மீன்பிடிப்பவர். அன்றைக்கென்று வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். தரையைத் துடைப்பதற்குத் தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துவிட்டார்.

"கோவிக்காதிங்க மிஸ். வரக்குள்ள ரெண்டு இடியப்பம் தின்னவ. அதான்."

"இதுக்கு என்னத்துக்குக் கோவம்? எல்லாப் புள்ளைகளுக்கும் வாறதுதான்," என்றேன்.

பிள்ளை இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வாந்தியினால் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் எப்போதும் அப்படித்தான் நிற்பாள் என்று. மேல் முன்பற்கள் நன்றாக வெளியே துருத்தி, வேட்டைப்பல் ஒன்று மேலே ஏறி முளைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் 'பல்லி' என்று கூப்பிடுகிறார்களாம். அதை அவள் சொல்லவில்லை, தகப்பன்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

என் கிளினிக் மட்டக்களப்பு நகரத்தில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. பகலில் ஆஸ்பத்திரி வேலை, மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் இங்கே. பின்பக்க யன்னலைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே வாவி கொஞ்சம் தெரியும். அந்த யன்னலுக்குப் பக்கத்து அறை முழுக்க, கூரை வரைக்கும், பிளாஸ்டர் பற்களை அடுக்கிய அட்டைப் பெட்டிகள். மாரி மழைக்கு ஈரம் பிடித்துப் பெட்டிகள் வாய் பிளக்கும். பற்கள் கீழே விழுந்து உடையும்.

வாய்க்குள் விட்டுப் படம் பிடிக்கும் ஸ்கேனரைக் கொழும்பில் பல தடவை பார்த்திருந்தேன். ஒரு பெரிய பேனா அளவு கருவி. பல்லின் மேலால் மெதுவாகக் கொண்டுபோனால் கணினித் திரையில் பல்வரிசை அப்படியே எழுந்து வரும். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் இது எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிவந்தேன். உண்மையில், ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஒன்றைப் பழகி, பழகும்போது பிழைவிட்டு, அதை நோயாளிகள் பார்ப்பதை நினைத்தால் கூச்சமாக இருந்தது. அந்தப் பிள்ளை ஈரச் சீருடையோடு படியிறங்கிப் போனதைப் பார்த்த பிறகு கூச்சம் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கிழமையே கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

இயந்திரம் வந்ததும் நானும் என் உதவியாளரும் ஒருவர் வாயில் ஒருவர் பழகினோம். அவர் காத்தான்குடி முஸ்லிம் பெண். கிளினிக் தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருப்பவர். கிட்டத்தட்ட என் வயதுதான் என்றாலும் மிஸ் என்றுதான் கூப்பிடுவார். என் கீழ்ப்பற்கள் நெரிசலாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறித் திரையில் வந்தபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஊராக்கள்ட பல்லெல்லாம் நிமித்திறீங்க. உங்கட பல்லப் பாருங்க மிஸ்."

முதல் மாதம் பெரும்பாடு. பாதி வாயைப் படம் பிடிக்கும்போது கரண்ட் போகும். இணையம் மெதுவாக ஊரும், கோப்பு ஏறி முடிவதற்குள் தேநீர் ஆறிவிடும். திரையில் கடைவாயில் ஓட்டை விழுந்து நிற்கும். எங்கே விட்டேன் என்று தேடி மறுபடி போக வேண்டும். கை மட்டும் மெல்ல மெல்லப் பழகியது. பிறகு அந்தப் பிள்ளையை வரச் சொன்னேன்.

அவள் வாயைத் திறக்கவே இல்லை. பழைய பயம். உதவியாளர் கருவியை வாங்கி, பிள்ளையின் உள்ளங்கையை விரித்து அதன் மேல் பிடித்தார். கைரேகைகள் மேடும் பள்ளமுமாகத் திரையில் வந்தன. "இஞ்ச பாரு மக, உண்ட கைதான். நொந்ததா?" என்றார். பிள்ளை சிரித்தாள். சிரித்ததும் கை வாய்க்குப் போனது. ஆனால் அதற்குப் பிறகு திறந்தாள்.

எல்லாப் பல்லும் திரையில் வந்து முடிந்ததும் தகப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "மிஸ், இத மனுசிக்கு ஒருக்காக் காட்டட்டா? இப்ப லைன்ல வருவா."

மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்வதாகச் சொன்னார். பிள்ளைக்கு ஏழு வயதில் போனவர். இடையில் ஒரு தடவைதான் வந்து போயிருக்கிறார். பல்லுக்குக் கம்பி போட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது அவர்தான்.

கைத்தொலைபேசியில் தெரிந்தது ஒரு நெற்றியும் ஒரு கண்ணும்தான். முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்திருந்தார். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று. கிசுகிசுத்த குரலில் பேசினார்.

"டொக்டர், சத்தமாக் கதைக்கேலா. பெரியவ படுத்திரிக்கா."

அந்த வீட்டு வயதான அம்மாவைத்தான் பெரியவ என்றார். நான் தொலைபேசியைக் கணினித் திரைக்கு நேரே பிடித்து, பல்வரிசையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினேன். லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு கேட்டார்:

"அந்தக் கடைசிப் பல்லு, கடவாயில இரிக்கே. அது எப்ப முளைச்ச?"

தகப்பன் பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"பன்னிரண்டு வயசு மட்டில் வந்திருக்கும்," என்றேன். "எல்லாருக்கும் அந்த வயசிலதான் வரும்."

"நான் இஞ்ச வரக்குள்ள பால்பல்லு விழுந்து, முன்னுக்கு ரெண்டுதான் முளைச்சிருந்திச்சு," என்றார்.

அவரைத் தேற்றத்தான் அடுத்ததைக் காட்டினேன் என்று நினைக்கிறேன். அந்த மென்பொருளில் ஒரு வசதி உண்டு. எந்தப் பல்லை எங்கே நகர்த்தப் போகிறோம் என்று கொடுத்தால், சிகிச்சை முடிந்ததும் பல்வரிசை எப்படி இருக்கும் என்பதைப் படமாக ஓடவிடும். துருத்திய பற்கள் மெல்லப் பின்வாங்கும், மேலே நிற்கும் வேட்டைப்பல் இறங்கி வந்து தன் இடத்தில் உட்காரும். ஓடவிட்டேன்.

"மறுகா ஒருக்காக் காட்டுங்க டொக்டர்."

காட்டினேன்.

"இது நடக்குமா, இல்லாட்டி படம் மட்டுந்தானா?"

"நடக்கும். ரெண்டு வரிசம் மட்டில் எடுக்கும்."

"அப்ப சரி. நானும் அந்த மட்டில வந்திருவன்," என்றார். அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அனுப்புவதற்காக என் சொந்த இலக்கத்தைக் கொடுத்தேன். நோயாளிகளின் வீட்டாருக்கு நான் வழக்கமாகக் கொடுப்பதில்லை.

அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு பழக்கம் உண்டானது. பிள்ளை வந்து போன ஒவ்வொரு தடவையும் பல்லின் படத்தை அனுப்புவேன். மறுநாள் குரற்செய்தி வரும். எப்போதும் அதே கிசுகிசுப்பு. இடம் எடுப்பதற்காக நான்கு பற்களைப் பிடுங்கியபோது, "நாலு பல்லும் இல்லாட்டி புள்ள என்னெண்டு திங்கும்?" என்று கேட்டிருந்தார். கம்பி போட்ட கிழமை, "கம்பி குத்தி வாய் புண்ணாப் போயித்தாம். சொண்டில என்ன பூசுற?" என்று கேட்டார். போகப் போகப் பல்லை விட்டுவிட்டு மற்ற விசயங்கள் வந்தன. மெலிந்துவிட்டாளா, முகத்தில் பரு வந்திருக்கிறதா, யாரோடு வந்தாள், தலை எப்படிக் கட்டியிருந்தாள். தகப்பனிடம் கேட்டால் நன்றாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்வாராம், மகளிடம் கேட்டால் ஓம் அம்மா என்பாளாம். நான் பெண் என்பதால் கவனித்துச் சொல்வேன் என்று நம்பினார். எனக்கும் அந்தப் பிள்ளை படியேறி வரும்போது அம்மாவுக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. கனடாவில் படிக்கும் என் மகனைப் பற்றி நான் யாரிடம் கேட்பது என்று சில நேரம் நினைத்துக்கொள்வேன்.

ஒரு தடவை இப்படிச் சொல்லியிருந்தார்: "எனக்கு நடந்தது எண்ட புள்ளைக்கு நடக்கப்படாது டொக்டர். அதுக்குத்தான் இவ்வளவும்." வறுமையைப் பற்றிச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பல் நகர்ந்தது. துருத்தல் உள்ளே போகப் போக, கையும் வாயைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்ததாகப் பிள்ளை ஒருநாள் தானாகவே சொன்னாள். மூன்றாம் இடம்தான் கிடைத்தது. அந்தச் செய்திக்கு அவளுடைய அம்மாவிடமிருந்து பதிலாக அழுகை மட்டும் வந்தது, அதுவும் அடக்கிய சத்தத்தில்.

இரண்டு வருடம் கழித்து வேலை முடிந்தது. அன்றைக்கு எடுத்த ஸ்கேனும் முதலில் போட்ட திட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. வேட்டைப்பல் மட்டும் ஒரு மயிரிழை திரும்பியிருந்தது, என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவு. அடுத்த முறை கழற்றிவிடலாம் என்று சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"இப்ப வேணாம் மிஸ்," என்றாள். "அம்மா வந்தாப்பிறகு கழட்டுவம்."

"அம்மா எப்ப வாறாவாம்?"

"கோயில் சடங்குக்கு வாறாவாம்."

அம்மாவும் அதையே செய்தியில் சொல்லியிருந்தார். ஆனி மாதச் சடங்குக்கு வந்துவிடுவேன், அதுவரைக்கும் விடுங்கள் என்று. சில மாதம் கம்பி கூட இருப்பதால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. மெல்லிய கம்பி ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டேன்.

சடங்குக்கு அவர் வரவில்லை. அந்த வீட்டுப் பெரியவ குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாவாம். இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டாம் என்று வீட்டாட்கள் கெஞ்சிக் கேட்டார்களாம். மாரி மழைக்கு முதல் வாறன் என்றார். மழையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு தைப்பொங்கலுக்கு என்றார்.

ஒட்டிய உலோகத் துண்டுகளைச் சுற்றிப் பல்லில் வெள்ளைப் புள்ளிகள் வரத் தொடங்கியிருந்தன. பிள்ளையை இருத்திவைத்துச் சொன்னேன். "கழட்டினாலும் இதே பல்லுதானே மகள் இரிக்கப் போகுது. கழட்டிப் போட்டு, அம்மா வரக்குள்ள எயார்போட்டில சிரிச்சுக்கொண்டு நில்லு."

அவள் தலையாட்டினாள். ஆனால் சம்மதிக்கவில்லை. "கழட்டக்குள்ள அம்மா பக்கத்தில நிக்கணும் மிஸ். நான் கண்ணாடியில பாக்கிறதுக்கு முதல் அம்மா பாக்கணும்."

நான் உதவியாளரைப் பார்த்தேன், அவராவது ஏதும் சொல்லுவார் என்று. "விடுங்க மிஸ்," என்றார் அவர். "பொங்கலுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு? புள்ள நல்லாத் தீட்டிக் கழுவட்டும்." புள்ளிகள் கூடாதிருக்க மருந்து பூசி அனுப்பினோம்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை, அவளுடைய முறை வந்தபோது, தகப்பனும் மகளுமாக வந்தார்கள். தகப்பன் வழக்கமாக வாசலுக்கு வெளியே நிற்பவர். அன்று உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். பிள்ளை நேரே போய் என் நாற்காலியில் ஏறிச் சாய்ந்துகொண்டாள்.

"மிஸ்," என்றார் தகப்பன். "மனுசி மோசம் போயித்தா."

எனக்கு உடனே விளங்கவில்லை. ஆர் என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் விளங்கியது.

முந்தின செவ்வாய்க்கிழமை. துணிகளை மடித்து வைத்துவிட்டு, நெஞ்சு வலிக்குது என்று சொல்லிக் கீழே உட்கார்ந்தாராம். அந்த வீட்டாட்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உடல் வர நாளெடுக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"இண்டைக்கு வராம இருந்திருக்கலாமே," என்றேன்.

"நானும் சொன்னன். இவ கேக்கல்ல. கிளினிக்குக்குத் தவறப்படாது எண்டு அம்மா சொன்ன எண்டு, விடிய எழும்பிக் குளிச்சு வெளிக்கிட்டுத்தா."

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளை வாயைத் திறந்தாள். நான் விளக்கைப் போடவில்லை. "வாய மூடு கிளி," என்றேன். அவள் மூடவில்லை. திறந்த வாயோடு, கண்ணை மேலே கூரையில் வைத்துக்கொண்டு கிடந்தாள். உதவியாளர் வந்து அவளுடைய கன்னத்தில் கைவைத்துத் தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டார். அப்போதுதான் அழுதாள். கீழே மருந்துக்கடையில் இருந்த சனம் மேலே பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

உடல் வந்த அன்று நானும் உதவியாளரும் ஆரையம்பதிக்குப் போனோம். வீட்டு முன்னால் தகரப் பந்தல். வளவு நிறையச் சனம். பெட்டியின் முகப்பக்கத்தில் கண்ணாடி வைத்திருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பேசிப் பழகிய பெண்ணின் முழு முகத்தை முதல் தடவையாக அங்கேதான் பார்த்தேன்.

தொழில் பழக்கம் எந்த இடத்திலும் விடாது. முதலில் பார்த்தது வாயைத்தான். உதடுகள் முழுக்க மூடியிருக்கவில்லை. மேல் முன்பற்கள் வெளியே துருத்திக் கீழுதட்டின் மேல் தங்கியிருந்தன. வலப்பக்கத்து வேட்டைப்பல் மேலே ஏறி நின்றது. அந்தப் பல்வரிசையை நான் திரையில் எத்தனையோ தடவை சுழற்றிச் சுழற்றிப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளையின் பல்வரிசை. நான் மாற்றியமைப்பதற்கு முன்னால் இருந்தது.

பக்கத்தில் இருந்த பெண், இறந்தவரின் தங்கை, என்னை யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டு சொன்னார்: "அக்காவையும் சின்னனில பல்லி எண்டுதான் எல்லாரும் கூப்புடுற. கலியாணம் பேசி வந்த ரெண்டு இடம் இந்தப் பல்லாலதான் தட்டுப்பட்ட. படம் எடுக்க விடமாட்டா. சிரிச்சாக் கையால பொத்திக்குவா. மகளுக்குப் பல்லு அப்பிடியே வந்தோண, அக்கா அழுத அழுகை."

குரற்செய்தியில் அவர் சொன்ன 'எனக்கு நடந்தது' எது என்று அப்போதுதான் விளங்கியது.

பிள்ளை பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள். மற்றவர்கள் வாய்விட்டு அழும்போது அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, கண்ணாடிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கும் வரைக்கும் பார்வையை எடுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் உதவியாளரைக் காத்தான்குடியில் விட்டேன். அவருடைய வீட்டு ஒழுங்கையில் இறங்கும்போது, "எண்ட றப்பே," என்று இறைவனை அழைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் கழிந்த பிறகு தகப்பன் அவளைக் கூட்டி வந்தார். "கழட்டிவிடுங்க மிஸ்," என்றாள் அவளே.

கம்பி கழற்றுவது நோகிற வேலை இல்லை. ஒவ்வொரு துண்டாக நெரித்துக் கழற்றி, பல்லில் ஒட்டிய பசையைச் சுரண்டி மினுக்க வேண்டும். வழக்கமாக அது கலகலப்பான நேரம். பிள்ளைகள் நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்ப்பார்கள், வழுவழுவென்று இருக்கிறது என்று கத்துவார்கள், தாய்மார் படம் எடுப்பார்கள். அன்று கருவியின் சத்தம் மட்டும்தான். அவளுடைய கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நோகுதா என்று இடையில் நிறுத்திக் கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். உதவியாளர் பஞ்சால் காதைத் துடைத்துத் துடைத்து விட்டார்.

முடிந்ததும் கைக்கண்ணாடியைக் கொடுத்தோம். வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வெகுநேரம் கழித்து நிமிர்த்திப் பிடித்தாள். வாயை மூடிப் பார்த்தாள். உதடுகள் சிரமமில்லாமல் பொருந்தின. பிறகு பல்லைக் காட்டிப் பார்த்தாள். நான் திட்டம் போட்டபடியே எல்லாம் இருந்தது. என் தொழிலில் நான் முடித்த நல்ல வேலைகளில் அது ஒன்று, இன்றைக்கும் சொல்வேன்.

"அம்மாட மாதிரி இல்லியே மிஸ்," என்றாள்.

நான் கையுறையைக் கழற்றினேன்.

"முந்தி எல்லாரும் சொல்லுவாங்க, அம்மாட வாய் அப்பிடியே எனக்கு எண்டு. அப்ப எனக்குக் கோவம் வரும்." கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். "இப்ப ஆரும் சொல்லமாட்டாங்க."

"அம்மா ஆசப்பட்ட பல்லு மகள் இது," என்றார் உதவியாளர்.

"ஓம், தெரியும்," என்றாள். அவ்வளவுதான்.

தகப்பனை உள்ளே கூப்பிட்டோம். வந்து பார்த்தார். "நல்லா இரிக்கி," என்றார். பிறகு பின்பக்க யன்னலடியில் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார்.

நேராக்கிய பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க, இரவில் போடும் மெல்லிய உறை ஒன்று செய்ய வேண்டும். அதற்காக மறுபடி ஸ்கேன் எடுத்தேன். அப்போது ஸ்கேன் செய்த பல்லைப் பிளாஸ்டிக்கில் அப்படியே அச்சிட்டுத் தரும் இயந்திரமும் எங்களிடம் வந்திருந்தது. அவர்கள் போன பிறகு அவளுடைய கோப்பைத் திறந்தால், முதல் நாள் எடுத்த படமும் அன்று எடுத்ததும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அந்த முதல் பல்வரிசையை அச்சிட்டு அவளிடம் கொடுத்தால் என்ன என்று உதவியாளரிடம் கேட்டேன்.

அவர் யோசித்தார். "வேணாம் மிஸ். அவ கேட்டாக் குடுப்பம்."

அவள் கேட்கவில்லை. உறையை வாங்கிப்போக வந்தபோதும் கேட்கவில்லை, பிறகு பார்வைக்கு வந்த இரண்டு மூன்று தடவையும் கேட்கவில்லை.

பிளாஸ்டர் பெட்டிகள் இருந்த அறை இப்போது காத்திருக்கிற ஆட்கள் உட்காரும் இடம். அந்த மாவைக் குழைத்து வெகுகாலம் ஆகிறது. அதற்காக நான் கவலைப்பட்டதும் இல்லை. வாந்தி எடுக்காமல், அழாமல் பிள்ளைகள் எழும்பிப் போகிறார்கள், அதுவே பெரிய காரியம். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. சிகிச்சையின் முடிவைக் காட்டும் அந்தப் படத்தை இப்போதெல்லாம் முதல் நாளே ஓடவிடுவதில்லை. நான் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். தாய்மார் கேட்டால், போகப் போகப் பார்ப்போம் என்பேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிய பிறகு அவளைக் காணவில்லை. போன வருடம் ஒரு மாலை தனியாக வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். புத்தகப்பை ஒன்று தோளில் கிடந்தது. பல் உறையில் வெடிப்பு விழுந்துவிட்டது, புதிதாக இரண்டு சோடி வேண்டும் என்றாள்.

"ரெண்டு எதுக்கு?"

"ஜப்பானுக்குப் போறன் மிஸ். இஞ்ச டவுன்ல பாசை படிச்சு முடிச்சித்தன். அங்க போய் உடன செய்விக்கேலாதே, அதான்."

"அங்க என்ன வேலை?"

"வயசானவங்களப் பாக்கிற வேலை."

நான் ஸ்கேனரை அவளுடைய வாய்க்குள் விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டேன். வேட்டைப்பல் பழைய பக்கம் சற்று நகர்ந்திருந்தது. நகர்ந்திருக்கிறது, வேண்டுமானால் சரிப்படுத்தலாம் என்றேன். நேரமில்லை மிஸ், இருக்கட்டும் என்றாள்.

"அப்பா என்ன சொல்றாரு?"

"ஓம் எண்டும் சொல்லல்ல, வேணாமெண்டும் சொல்லல்ல. காலையில வலையத் தூக்கிட்டுப் போவாரு, வருவாரு. நான் போனா அவருக்கு ஆரு சமைக்கிற எண்டுதான் யோசினையாக் கிடக்கு. சித்தி பாக்கிறன் எண்டு சொல்லியிரிக்கா."

போகும்போது உதவியாளர் அவளைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் ஏதோ ஓதிவிட்டார். நான் படி முடியும் வரை கூட இறங்கினேன். தகப்பன் கீழே மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார். மேலே வந்திருக்கவில்லை. என்னைக் கண்டதும் இறங்கி நின்று, பிறகு வண்டியை எடுத்தார். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பாலத்துப் பக்கம் திரும்பிப் போனார்கள்.

இப்போது சில நாட்களில் அவரைச் சந்தையில் காண்கிறேன். பிடித்ததைத் தானே கொண்டுவந்து விற்கிறார். மகள் எப்படி என்று கேட்டால், "நல்லா இரிக்காவாம். குளிர்தான் கூடவாம்," என்பார். கடைசியாகப் போனபோது இறாலைக் கிளறிப் பெரிதாக உள்ளதைப் பார்த்துப் பார்த்து எனக்காகப் பொறுக்கினார். இரண்டு மணலை மீனும் வைத்தார். வெட்டித் தரட்டா மிஸ் என்று கேட்டார். வெட்டித் தாருங்கள் என்றேன். அவர் செதிள் சுரண்டி, குடல் எடுத்து, கழுவி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.